அரச விளம்பரம் தமிழ் ஏடுகளுக்கு எப்படி வரும்? – வாசகர் கேள்வி பதில்

கொழும்பில் சிறிய தமிழ்ப் பத்திரிகை, இணைய வானொலி, செய்தித்தளம் நடத்துபவர்களும் அவற்றின் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து மாதம் இருமுறை தமிழ்ப் பத்திரிகை ஒன்று வெளியிடுகிறோம். இதுவரை ஓர் அரச விளம்பரம்கூடக் கிடைத்ததில்லை. யாரிடம் கேட்பது? அமைச்சருக்கு எழுதினால் நடக்குமா?

அமைச்சருக்கு எழுதுவதைப் பிறகு பார்க்கலாம். எல்லா அரச விளம்பரத்தையும் பங்கிட்டுத் தரும் ஒரே அலுவலகம் என்று ஒன்றை நம்பி நடந்தால் கால்தான் தேயும். கேள்வி மனு அறிவித்தல், வேலைவாய்ப்பு, ஏல விற்பனை, நீர்வெட்டு, தடுப்பூசி என எதுவானாலும் அந்தந்த அமைச்சும் திணைக்களமும் கூட்டுத்தாபனமும் தன் ஒதுக்கீட்டிலிருந்துதான் செலவழிக்கிறது. சில இடங்களில் பெறுகைப் பிரிவு முடிவெடுக்கும், சில இடங்களில் ஊடகப் பிரிவு. பெரிய பிரசாரம் என்றால் விளம்பர முகவர் நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாகப் போய்விடும். ஆகவே உங்கள் வாசகரோடு நேரடியாகத் தொடர்புள்ள பத்து நிறுவனங்களின் பட்டியலை முதலில் போடுங்கள். மாநகரசபை, பிரதேச செயலகம், நீர் வழங்கல், மின்சாரம், சுகாதாரம், கல்வி, தொழிற்பயிற்சி, அரச வங்கிகள். இப்படிப் பத்து போதும்.

கேட்கப் போகும் முன் உங்கள் கோப்பு சரியாக இருக்க வேண்டும். 1839ஆம் ஆண்டின் செய்தித்தாள்கள் கட்டளைச் சட்டமும் 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளவை. அவற்றின்படி தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பிரகடனம் செய்து பதிந்திருக்க வேண்டும். அச்சகத்தையோ விலாசத்தையோ மாற்றினால் பிரகடனத்தையும் புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். பத்திரிகையில் அச்சிட்டவர் பெயர் ஒன்று, பதிவில் வேறொன்று என்றிருந்தால் கணக்காளர் கோப்பைத் திருப்பி அனுப்புவார். பத்திரிகைப் பேரவைப் பதிவு, அது 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது, வருடா வருடம் செய்ய வேண்டியது. தபால் திணைக்களத்தில் செய்தித்தாளாகப் பதிந்திருந்தால் சந்தாப் பிரதிகளுக்குத் தபால் கட்டணம் குறையும். அதோடு, பத்திரிகை ஒழுங்காக வெளிவருகிறது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

அடுத்தது விலைப்பட்டியல். கொலம் சென்ரிமீற்றருக்கு (ஒரு கொலம் அகலம், ஒரு சென்ரிமீற்றர் உயரம்) எவ்வளவு, முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு, கறுப்பு வெள்ளைக்கும் நிறத்துக்கும் வித்தியாசம் என்ன, முகவர் கழிவு எத்தனை வீதம் (வழக்கத்தில் 15) என்று ஒரே தாளில் இருக்கட்டும். திகதியும் கையொப்பமும் வேண்டும். வாடிக்கையாளருக்கு ஒரு விலை, அரசுக்கு ஒரு விலை என்று வைத்திருந்தால் கணக்காய்வில் பிடிபடும், பிறகு அந்த நிறுவனம் உங்கள் பக்கம் திரும்பியும் பார்க்காது.

பெரும்பாலான அரச நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான வழங்குநர் பதிவுக்கு வருடத்தின் கடைசி மாதங்களில் அறிவித்தல் விடும். அச்சிடல், விளம்பரம் ஆகிய வகைகளின் கீழ் விண்ணப்பித்து வையுங்கள். அந்த அறிவித்தல்களை ஒக்டோபரிலிருந்து தினமும் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்கினால் நல்லது. தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். "சிறுபான்மை மக்களின் சிறு பத்திரிகைக்கு ஆதரவு தாருங்கள்" என்று தொடங்கும் கடிதங்கள் நிறையப் போகின்றன. அப்படி எழுதாதீர்கள். இந்த நாட்டில் தமிழும் ஓர் அரசகரும மொழி. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. 22ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நாடு முழுவதற்கும் நிர்வாக மொழிகளாக்குகிறது. கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். அறிவித்தல் தமிழில் போய்ச் சேர வேண்டியது வாசகரின் உரிமை. உங்கள் பத்திரிகை அதற்கு ஒரு வழி. கடிதம் இந்த அடிப்படையில் நிற்கட்டும்: எங்கள் வாசகர் இன்னார், இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள், உங்கள் கடந்த மூன்று அறிவித்தல்கள் அவர்களைச் சென்றடையவில்லை, நாங்கள் சேர்ப்பிக்கிறோம், கட்டணம் இவ்வளவு. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கடைசி மூன்று இதழ்களை இணையுங்கள். முடிந்தால் சிங்களப் பிரதியொன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கோப்பைக் கையாளும் எழுதுவினைஞர் அதை வாசித்துப் புரிந்துகொண்டால்தான் அது மேசையை விட்டு நகரும்.

கேள்வி: "உங்கள் விற்பனை எவ்வளவு என்று நிரூபியுங்கள்" என்கிறார்கள். நாங்கள் 5,000 பிரதி அடிக்கிறோம். அச்சகத்தாரின் கடிதம் போதாதா? – கொட்டாஞ்சேனை

போதாது. வேண்டியவர் கேட்டால் எந்த அச்சகமும் கடிதம் கொடுக்கும் என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். கடிதத்தை விடத் தாள் கணக்கு உறுதியானது, ஏனென்றால் தாளைப் பொய்யாக அடிக்க முடியாது.

உங்களுடையது 8 பக்க டெப்லொயிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் அகலம், 42 உயரம். 8 பக்கம் என்றால் 4 தாள். ஒரு தாளின் பரப்பு 0.1176 சதுர மீற்றர், நான்கும் சேர்ந்து 0.47. சாதாரண நியூஸ்பிரின்ட் சதுர மீற்றருக்கு 48.8 கிராம் என்றால் ஒரு பிரதியின் எடை 23 கிராம் அளவு. 5,000 பிரதிக்கு 115 கிலோ. இயந்திரம் ஓடத் தொடங்கும்போது வீணாவதையும் சேர்த்தால் 120 கிலோவைத் தாண்டும். மாதம் இரண்டு இதழுக்கு 240 கிலோ. உங்கள் தாள் பில்லிலோ அச்சகத்தின் பில்லிலோ மாதம் 90 கிலோதான் இருக்கிறதென்றால் நீங்கள் அடிப்பது 2,000க்கும் குறைவு. கணக்குத் தெரிந்த அதிகாரி இதை ஐந்து நிமிடத்தில் போட்டுப் பார்ப்பார்.

அதனால் உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். 1,800 பிரதி அடிக்கும் பத்திரிகை 1,800 என்றே எழுதட்டும். அதோடு முகவர்களுக்குப் போன எண்ணிக்கை, திரும்பி வந்த பிரதிகள், தபாலில் போன சந்தா, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கடை வாசலில் இலவசமாக வைத்தவை என மாதவாரியாக ஒரு பதிவேடு வைத்திருங்கள். திரும்பி வந்ததை மறைக்காத பதிவேட்டைத்தான் நம்புவார்கள். 1,800 பிரதியில் 1,500 கொட்டாஞ்சேனையிலும் ஜம்பட்டா வீதியிலும் ஆமர் வீதியிலும் வாசிக்கப்படுகிறதென்றால், அந்தப் பகுதிக்கான வடிகால் வேலை அறிவித்தலுக்கு நாடு முழுக்கப் போகும் பெரிய பத்திரிகையை விட உங்கள் ஏடு பொருத்தம். கட்டணமும் குறைவு. சிறிய ஏட்டின் பலம் இதுதான். எண்ணிக்கையை ஊதிப் பெருக்கினால் இந்தப் பலத்தை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

கேள்வி: ஒரு அரச நிறுவனம் வேலைவாய்ப்பு அறிவித்தலைச் சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளில் மட்டும் போட்டது. தமிழில் எங்கும் காணவில்லை. முடிவுத் திகதி போன பிறகுதான் தெரியவந்தது. என்ன செய்யலாம்? – மருதானை

மூன்று வழி உண்டு. மூன்றையும் ஒன்றாகத் தொடங்கலாம், ஆனால் காலக்கெடு வேறு வேறு.

அவசரமானது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அடிப்படை உரிமையோ மொழி உரிமையோ மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒரு மாதம் என்பது கண்டிப்பு. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு). வழக்குப் போட வசதியில்லாதவர்களும் முதலில் இதைச் செய்து வைப்பது நல்லது. திகதி முத்திரையிட்ட பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இரண்டாவது, இராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அறிவித்தல் வந்த பத்திரிகையின் முழுப் பக்கத்தையும் இணையுங்கள், வெட்டிய துண்டை அல்ல. பத்திரிகையின் பெயரும் திகதியும் தெரிய வேண்டும். "தமிழர்களைப் புறக்கணிக்கிறார்கள்" என்ற பொதுக் குற்றச்சாட்டை விட, "இன்ன திகதி, இன்ன பதவி, இன்ன பத்திரிகை, தமிழில் வெளியாகவில்லை, எனக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்க முடியவில்லை" என்ற நான்கு வரிக்குத்தான் பதில் வரும்.

மூன்றாவதுதான் பத்திரிகைகளுக்கு அதிகம் உதவுவது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. படிவம் இல்லாவிட்டாலும் கடிதமாக எழுதலாம். உங்கள் சொந்தப் பெயரில் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரில் கேட்டால் அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகள் என்று காட்ட வேண்டிவரும், அது வீண் சுற்று.

"ஏன் தமிழ்ப் பத்திரிகைக்குத் தரவில்லை?" என்று கேட்பதுதான் வழமையாக நடக்கும் தவறு. சட்டம் தருவது கையிலுள்ள ஆவணத்தை. அதிகாரியின் விளக்கத்தை அது கேட்டுத் தராது. இப்படிக் கேளுங்கள்: "கடந்த மூன்று நிதியாண்டுகளில் உங்கள் நிறுவனம் பத்திரிகை விளம்பரத்துக்குச் செலுத்திய தொகை, ஒவ்வொரு பத்திரிகையின் பெயர், மொழி, செலுத்திய திகதி ஆகிய விபரங்களுடன். அத்துடன் பத்திரிகைகளைத் தெரிவு செய்யப் பின்பற்றும் எழுத்துமூல அளவுகோல் அல்லது சுற்றறிக்கை இருப்பின் அதன் பிரதி." இரண்டாவது வாக்கியம் முக்கியமானது. அளவுகோல் எதுவும் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதில் கடிதமே உங்கள் அடுத்த கோரிக்கைக்கு ஆதாரம்.

தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாள். நிறையத் தேட வேண்டியிருந்தால் 21 நாள் வரை நீடிக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள் அந்த நிறுவனத்திலேயே மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. பதிலே வராமல் நாள் கடந்தாலும் மேன்முறையீடு செய்யலாம். பலர் பதிலுக்காகக் காத்திருந்தே அந்த 14 நாளைக் கோட்டை விடுகிறார்கள்.

"வர்த்தக இரகசியம்" என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பது உண்டு. மக்கள் பணத்தில் எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு போனது என்பது ஒரு நிறுவனத்தின் இரகசியமாக இருக்க முடியாது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தர வேண்டும் என்று அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்வதை மேன்முறையீட்டில் எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: விளம்பரம் வருகிறது, ஆனால் தமிழ் உடைந்து வருகிறது. எழுத்துப் பிழையோடு போட்டால் வாசகர் எங்களைத்தான் திட்டுகிறார்கள். – தெஹிவளை

வாசகர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. வாசிக்க முடியாத தமிழ் அறிவித்தல் வராத அறிவித்தலுக்குச் சமம். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் இரண்டு, அலுவலகக் காரணம் ஒன்று.

பல அலுவலகங்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவம் ஏற்றப்பட்டிருக்கிறது. அரைப்புள்ளிக் குறி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினியிலும் ஒன்றாகத் தெரியும் பொதுக் குறிமுறையான யுனிகோட் ஆக்கினால் தமிழ் சரியாக வரும், ஆனால் இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் இணைய முகவரியும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். விண்ணப்பம் அனுப்ப வேண்டிய முகவரியே கெட்டுப் போன அறிவித்தல் அச்சில் வருவது இப்படித்தான். மாற்றிய பிறகு மின்னஞ்சல், இணையமுகவரி, அடைப்புக்குறிகள் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

எதிர்ப் பக்கத்திலும் சிக்கல் உண்டு. யுனிகோட்டில் வந்த பிரதியைப் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" மூன்று துண்டாகும். இன்டிசைன் பாவிப்பவர்கள் பந்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கொம்போசரைத் தெரிவு செய்தால் இது தீரும். விளம்பரம் தரும் நிறுவனத்திடம் இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 1326:2008க்கு இசைந்த யுனிகோட் பிரதியையும், எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பிடிஎஃப் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு, யுனிகோட் நீங்கள் அமைப்பதற்கு.

அலுவலகக் காரணம் இடம். சிங்களப் பிரதிக்கு 2 கொலம், 15 சென்ரிமீற்றர் என்று 30 கொலம் சென்ரிமீற்றர் பதிவு செய்வார்கள். தமிழுக்கும் அதே அளவைக் கொடுத்து, மொழிபெயர்ப்பு நீண்டதும் எழுத்தை 6 புள்ளி (பொயின்ட்) அளவுக்குச் சுருக்குவார்கள். நியூஸ்பிரின்ட்டில் மை கொஞ்சம் பரவும். 8 புள்ளிக்குக் கீழே போனால் "ணை", "ழு" போன்றவற்றின் சுழிகள் அடைபடும், மெய்யின் புள்ளி காணாமல் போகும். தமிழ்ப் பிரதிக்கு நான்கில் ஒரு பங்கு கூடுதல் இடம், அதாவது 2 கொலத்தில் 19 சென்ரிமீற்றர், என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். மேலதிகப் பணத்துக்குத் தயங்கினால், சிங்களப் பிரதியில் இருக்கும் பெரிய தலைப்பையும் அலங்காரக் கோட்டையும் தமிழில் சிறிதாக்கி உடல் எழுத்தைக் காப்பாற்றலாம்.

மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் நீங்களாகத் திருத்தாதீர்கள், அது அவர்களின் சட்டபூர்வ அறிவித்தல். பிழையைக் குறித்து மின்னஞ்சலில் அனுப்பி, திருத்திய பிரதியை எழுத்தில் வாங்குங்கள். குறிப்பாக முடிவுத் திகதி, வயதெல்லை, வைப்புப் பணம் மூன்றும் மூன்று மொழியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில்தான் வழக்கு வரும்.

கேள்வி: போட்ட விளம்பரத்துக்கு எட்டு மாதமாகப் பணம் வரவில்லை. – புறக்கோட்டை

நீங்கள் அனுப்பிய கடிதக் கட்டில் கொள்வனவுக் கட்டளை இல்லை. தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் "போடுங்கள்" என்று சொன்னதை நம்பிப் போட்டிருக்கிறீர்கள். அரச கணக்காளரால் அதற்குப் பணம் தர முடியாது, தந்தால் கணக்காய்வில் அவர் மாட்டுவார். இப்போது செய்யக்கூடியது, விளம்பரம் கேட்ட அதிகாரியிடமிருந்து நடந்ததை உறுதிப்படுத்தும் எழுத்தும், நிறுவனத் தலைவரின் பின்னேற்பு அனுமதியும் பெறுவதுதான். நேரம் எடுக்கும்.

இனிமேல்: இலக்கமிட்ட கட்டளை கைக்கு வராமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். இன்வொயிஸின் மூலப்பிரதியில் கட்டளை இலக்கம், வெளியான திகதி, பக்கம், அளவு, விலை எழுதுங்கள். விளம்பரம் வெளியான முழுப் பக்கத்தை இணையுங்கள். இன்வொயிஸில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பத்திரிகையின் பெயரில் பில், ஆசிரியரின் தனிப்பட்ட கணக்கு என்றால் அங்கேயே நிற்கும். வற் பதிவு இல்லாதவர்கள் 18 வீத வற் சேர்க்கவே கூடாது. பில் திரும்பி வருவது மட்டுமல்ல, அது குற்றமும்கூட.

அரசின் நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு அன்றோடு காலாவதி. நவம்பரில் வெளியான விளம்பரத்தின் பில்லை ஜனவரியில் கொடுத்தால் அது புதிய ஆண்டின் ஒதுக்கீட்டில் இடம் தேட வேண்டும், அதற்குத் தனி அனுமதி வேண்டும். வெளியான வாரத்திலேயே பில்லை ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குங்கள். முகவர் நிறுவனம் வழியாக வந்த விளம்பரமென்றால் உங்களுக்குப் பணம் தர வேண்டியது அந்த நிறுவனம்தான், அரசு அல்ல. "அரசு தந்ததும் தருகிறோம்" என்ற வாய்ப்பேச்சுக்குப் பதிலாக எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: மட்டக்குளி, முகத்துவாரம் பகுதிக்கு ஒரு சமூக வானொலி தொடங்க அலைவரிசை கிடைக்குமா?

இன்றைய சட்டத்தில் சமூக வானொலி என்ற தனி உரிமம் கிடையாது. தனியார் ஒலிபரப்புக்கான உரிமம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் அமைச்சரின் கையில் இருக்கிறது. அலைவரிசை, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கையில். 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலி உட்பட இங்கே சமூக வானொலி என்ற பெயரில் இயங்கியவை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ் இருந்தவை, மக்களுக்குச் சொந்தமானவை அல்ல. 1997இல் கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அரசின் பிடியிலிருந்து விலகிய அதிகாரசபை வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அப்படியொன்று இன்னும் அமையாதது பெரும் குறை.

இப்போதைக்கு இணைய வானொலிதான் வழி, அதற்கு அலைவரிசை தேவையில்லை. ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டுக்குப் பொருந்தும். சினிமாப் பாடலை விட்டுவிட்டு, பேச்சும் உள்ளூர்ச் செய்தியும் பாடசாலை மாணவர் நிகழ்ச்சியுமாகத் தொடங்கினால் செலவும் குறையும், அறிவித்தல் தரும் நிறுவனத்துக்கும் அதுவே பயன்படும்.

கேள்வி: வெளிநாடுகளில் சிறுபான்மை மொழி ஊடகத்துக்கு அரசு எப்படி உதவுகிறது? நாங்கள் கோரிக்கையில் எதைக் காட்டலாம்? – பம்பலப்பிட்டி

காட்டத்தக்கது அயர்லாந்து. 2021ஆம் ஆண்டின் அரசகரும மொழிகள் திருத்தச் சட்டம், அரச நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டு விளம்பரத்தில் குறைந்தது 20 வீதத்தை ஐரிஷ் மொழியில் செய்ய வேண்டும் என்கிறது. அதோடு நிற்காமல், விளம்பரப் பணத்தில் குறைந்தது 5 வீதம் ஐரிஷ் மொழி ஊடகங்கள் வழியாகப் போக வேண்டும் என்றும் சொல்கிறது. 2022 ஒக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, மொழி ஆணையாளர் கண்காணிக்கிறார். இரண்டு எண்களையும் பிரித்து வைத்ததில்தான் கெட்டித்தனம். முதல் எண் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பத்திரிகையில் ஐரிஷ் விளம்பரம் போட்டு கணக்கைக் காட்டிவிடலாம். இரண்டாவது எண்தான் அந்த மொழியின் ஏட்டை உயிரோடு வைத்திருக்கிறது. இங்கே மும்மொழி அறிவித்தலை ஒரே சிங்களப் பத்திரிகையில் போட்டு "தமிழிலும் போட்டோம்" என்று சொல்வதை இதோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

நியூயோர்க் மாநகரம் 2019 மேயில் நிறைவேற்று ஆணை ஒன்றால் மாநகர நிறுவனங்கள் அச்சு, இணைய விளம்பரச் செலவில் பாதியைச் சமூக, இன ஊடகங்களுக்குத் தர வேண்டும் என்றது. ஆணை மேயரோடு போய்விடக்கூடியது என்பதால் 2021இல் அதை 83ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டமாக்கினார்கள். ஒரு மாநகரம் இதைத் தானாகச் செய்ய முடியும் என்பதற்கு இது உதாரணம். கொழும்பு மாநகரசபை உறுப்பினர்களிடம் இதைக் கொண்டு போகலாம்.

இந்தியாவில் சமூக வானொலிக்கு விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், அரச விளம்பரக் கட்டணத்தை 10 செக்கனுக்கு 52 இந்திய ரூபாவிலிருந்து 74 ஆகவும் 2024 பெப்ரவரியில் உயர்த்தினார்கள். இந்தியாவின் முதல் வளாக சமூக வானொலி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கியது, தமிழில். கட்டணம் இவ்வளவு என்று முன்கூட்டியே வெளியிட்டிருப்பதால் நிலையம் நடத்துபவர் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: அரச விளம்பரத்தை வாங்கினால் அரசைக் கேள்வி கேட்க முடியுமா? – வத்தளை

கேட்டே ஆக வேண்டும். ஆனால் வருமானத்தில் பாதி ஒரே இடத்திலிருந்து வந்தால் ஆசிரியரின் கை தானாகவே தயங்கும், யாரும் மிரட்டத் தேவையில்லை. அரச விளம்பரம் மொத்த வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். அதிலும் ஒரே நிறுவனத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. மாநகரசபையைப் பற்றிய செய்தி எழுதுபவரும் மாநகரசபையில் விளம்பரம் கேட்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. மூன்று பேர் நடத்தும் ஏட்டில்கூட இதைப் பிரிக்கலாம்.

"விளம்பரம் தருகிறோம், கூடவே அமைச்சரின் கட்டுரையையும் போடுங்கள்" என்று வந்தால் கட்டுரைக்கும் விலை சொல்லி, மேலே "விளம்பரம்" என்று தெளிவாக அச்சிடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள். விமர்சனச் செய்திக்குப் பிறகு விளம்பரம் திடீரென நின்றால், நிறுத்திய தீர்மானத்தின் கோப்புக் குறிப்பை மேலே சொன்ன தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். தெரிவு அளவுகோல் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இந்த நாளுக்காகத்தான்.

கேள்வி: எங்களுடையது செய்தித்தளம் மட்டும், அச்சுப் பிரதி இல்லை. விண்ணப்பிக்கலாமா? – கிருலப்பனை

விண்ணப்பிக்கலாம். செய்தித்தளங்கள் வெகுசன ஊடக அமைச்சில் பதிய வேண்டும் என்ற அறிவித்தல் 2011 நவம்பரில் வந்தது. பதிவு இல்லாமல் அரச விளம்பரம் எதிர்பார்ப்பது கடினம். வாசகர் எண்ணிக்கைக்கு முகப்புத்தக விருப்பக் குறிகளைக் காட்டாதீர்கள். தளத்தின் பகுப்பாய்வுக் கணக்கிலிருந்து மாதாந்தத் தனி வாசகர் எண்ணிக்கையையும், அதில் இலங்கையிலிருந்து வருபவர் எத்தனை பேர் என்பதையும் பிரித்துக் கொடுங்கள். ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் வாசகர் உங்களுக்குப் பெருமைதான், ஆனால் கிருலப்பனை நீர்வெட்டு அறிவித்தலுக்கு அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். விளம்பரம் ஓடிய நாட்களின் திரைப்பிரதிகளைத் திகதி தெரியும்படி எடுத்து வையுங்கள். அச்சுப் பத்திரிகையின் முழுப் பக்கத்துக்குப் பதிலாக பில்லோடு இணைக்க வேண்டியது அதுதான்.